அட்டையைப் பிரித்தால் பெயர் போய்விடும்

வாசகர் கேள்வி – பதில்

முதியோர் இல்லங்களில் மருந்து மாறிப்போவது பற்றி வந்த கடிதங்களுள் ஏழுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். சேலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராகவும், அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் செவிலியர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனையையே சொல்கிறோம். மேல்நாடுகளில் அதே சொல் முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லத்தைக் குறிக்கும். இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான். எழுதியவர்களின் பெயரையும் இல்லங்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: என் தாயாருக்கு 81 வயது. சர்க்கரை நோய் கிடையாது. கன்னங்குறிச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறார். ஒரு நாள் காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாவின் சர்க்கரை மாத்திரையை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு உடல் வியர்த்துத் தலை சுற்றியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். மாலையில் மறுபடியும் மயங்கினார். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. காலையில் தெளிந்தவர் மாலையில் ஏன் மயங்கினார்? — வாசகி, அழகாபுரம்.

பதில்: சர்க்கரைத் தண்ணீரின் வேலை சிறிது நேரத்தில் முடிந்துவிடும், மாத்திரையின் வேலை முடியாது. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தில் உள்ளது கிளைமிபிரைட். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. அதன் விளைவு ஒரு நாள் முழுதும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதால் இன்னும் நீடிக்கவும் கூடும். சர்க்கரை நோய் இல்லாதவரின் உடலில், குறைக்கத் தேவையில்லாத சர்க்கரையை அது குறைத்துக்கொண்டே போகிறது. குடித்த சர்க்கரைத் தண்ணீர் கரைந்துபோனதும் பழைய நிலைமையே திரும்பி வந்துவிட்டது. இவ்வளவுதான் அன்று நடந்தது.

ஆகவே இந்த வகை மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிய ஒருவர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அன்றைய பொழுதையும் அன்றைய இரவையும் மருத்துவமனையில் கழிப்பதே பாதுகாப்பு. அங்கே குறித்த இடைவெளிகளில் சர்க்கரையைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். இல்லத்தில் குளுக்கோமீட்டர் இருந்தால் 70-க்குக் கீழே காட்டும் எண்ணை ஆபத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டும். நினைவு தவறிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108-ஐ அழைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 'அது வெறும் மெட்ஃபார்மின்தானே' என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மெட்ஃபார்மின் வேறொரு சர்க்கரை மாத்திரை, அது தனியாக இருந்தால் சர்க்கரை அவ்வளவு எளிதில் தாழாது என்பது உண்மையே. ஆனால் இன்று கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரைகளே அதிகமாக வழங்கப்படுகின்றன. கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் கடிதத்தின் இன்னொரு வரியை நான் பலமுறை படித்தேன். மருத்துவர் கேட்டபோது எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது என்று இல்லத்தில் யாராலும் உடனே சொல்ல முடியவில்லை, அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்கிறீர்கள். மாத்திரைகளை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்துக் கிண்ணங்களில் போட்டு வைத்திருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம். அட்டையிலிருந்து வெளியே வந்த நிமிடத்திலேயே மாத்திரை தன் பெயரை இழந்துவிடுகிறது. அதன்பின் அது வெள்ளையாகவும் வட்டமாகவும் உள்ள ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அடுத்த கடிதமும் இதையே பேசுவதால் அங்கே விரித்துச் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ வரை படித்தவன், செவிலியர் படிப்பு இல்லை. 22 பேருக்கு மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மூடிகளை வரிசையாக வைத்துப் பெயர்ப் பிளாஸ்திரி ஒட்டி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வேன். ஏழரைக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். இதுவரை இரண்டு முறை மாறியிருக்கிறது, எதுவும் ஆகவில்லை. இருந்தாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? — வாசகர், ஏற்காடு.

பதில்: தம்பி, மறைக்காமல் எழுதியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் பயம் நல்ல பயம். இந்தத் தவறு உங்கள் ஒருவருடையது என்று நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். பிரிட்டனில் 55 இல்லங்களில் வாழ்ந்த 256 முதியவர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். எழுதித் தந்தது, கடையில் எடுத்துக் கொடுத்தது, கண்காணித்தது, கையில் கொடுத்தது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மருந்துத் தவறு நடந்திருந்தது. கையில் கொடுக்கும் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு எட்டு முறைக்கு மேல் பிழை. பயிற்சியும் சட்டமும் பணமும் உள்ள நாட்டின் நிலை இது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ஆறரை மணி, மலையில் பனி விலகியிருக்காது, பல நாள் மின்சாரமும் இருக்காது. 22 மூடிகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து மாத்திரைகள். அவற்றில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று என்று மூன்று வெள்ளை வட்டங்கள் இருந்தால், நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மருந்தாளுநருக்கும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது கடினம். ஒரு மூடி தட்டிவிட்டு இரண்டு மாத்திரை தரையில் விழுந்தால் எதை எதில் போடுவீர்கள்? தட்டை ஏந்திக்கொண்டு நடக்கையில் எட்டாவது கட்டிலுக்கும் ஒன்பதாவது கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாட்டி தண்ணீர் கேட்பார், உங்கள் கைப்பேசி அடிக்கும். சிட்னியில் 98 செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், குறுக்கீடு ஒவ்வொன்றும் மருந்துத் தவறை ஏறத்தாழ 12 விழுக்காடு கூட்டியதாகக் கண்டார்கள்.

ஆகவே முதல் மாற்றம், மூடிகளை விட்டுவிடுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். டப்பாவின் மேல் பெயரோடு புகைப்படத்தையும் ஒட்டுங்கள். உள்ளே அட்டைகள் அட்டைகளாகவே இருக்கட்டும். டப்பாவையும் மருந்துப் பதிவேட்டையும் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிலருகே கொண்டுபோய், பதிவேட்டைப் பார்த்து, அட்டையின் பெயரைப் படித்து, அங்கேயே பிரித்து, அங்கேயே கையில் கொடுங்கள். பெயர் இருக்கும் பொருளாகவே மாத்திரை வாய்க்கு அருகில் வரை போக வேண்டும். மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கால் அட்டை, அரை அட்டை என்று தருவார்கள். கத்தரித்த துண்டில் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாமல் போனால் அதை வாங்காதீர்கள். முழு அட்டை கேளுங்கள்.

இரண்டாவது, ஆளை உறுதிசெய்யும் விதம். நம் பக்கத்தில் மாரியம்மாள் என்ற பெயரில் ஓர் இல்லத்திலேயே மூன்று பேர் இருப்பார்கள். 'நீங்கதான் மாரியம்மாளா?' என்று கேட்டால், காது கேளாதவரும் மறதி உள்ளவரும் மரியாதைக்காக 'ஆமாம்' என்றே தலையாட்டுவார்கள். 'ஆயா, உங்க பேரைச் சொல்லுங்க' என்று கேட்டு அவர் வாயால் வரவழைக்க வேண்டும். பெயர் சொல்ல இயலாதவருக்குப் புகைப்படம்தான் சாட்சி. கட்டில் எண்ணை ஒருநாளும் நம்ப வேண்டாம், அதற்கான காரணத்தைக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். வேண்டாம் என்று மறுத்தால் மறுத்தார் என்றே எழுதுங்கள். ஐந்து பேருக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டு வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது இருக்கும் வரை பதிவேடு வெறும் தாள்தான்.

இவ்வளவும் செய்தால் ஏழரைக்குள் முடியாது என்று சொல்வீர்கள். முடியாதுதான். 22 பேருக்கு ஒருவர், ஒரு மணி நேரம் என்று வகுத்தது உங்கள் நிர்வாகம். தைராய்டு மாத்திரையும் அதுபோன்ற வெறும்வயிற்று மருந்துகளும் தவிர மற்றவற்றுக்கு அரை மணி முன்பின் ஆவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டி, எட்டரை வரை நேரமும், அந்த நேரத்தில் உங்களை வேறு வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்ற உறுதியும் கேளுங்கள். உங்களுக்கு முறையான பயிற்சி தருவதும், செவிலியர் ஒருவரை மேற்பார்வைக்கு வைப்பதும் அவர்கள் கடமை.

கேள்வி: என் தந்தைக்கு முடக்குவாதம். சேலத்தில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் அதை ஆறு நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. மலையிலிருந்து இறக்கி மருத்துவமனையில் சேர்த்து எப்படியோ காப்பாற்றிவிட்டோம். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் இது எப்படி நடந்தது? — வாசகர், நாகலூர்.

பதில்: அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். உலகெங்கும் மருந்துத் தவறுகளால் உயிரிழப்பு நேர்ந்த மருந்துகளில் இதற்குத் தனி இடம் உண்டு, அந்தத் தவறுகளில் மிகப் பெரும்பாலானவை உங்கள் தந்தைக்கு நடந்ததைப் போல வாரமருந்தை நாள்மருந்தாக்கியதே. காரணம் எளிமையானது. கொடுப்பவரின் கை 'தினமும்' என்பதற்குப் பழகியிருக்கிறது. இருபது மாத்திரைகளில் பத்தொன்பது தினமும் என்றால் இருபதாவதையும் கை தினமும் எடுக்கும். இதனோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவது வழக்கம். பல தயாரிப்புகளில் இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். ஒன்று நஞ்சாகக் கூடியது, மற்றது அதன் கேட்டைத் தணிப்பது. அட்டையைப் பிரித்துவிட்டால் எது எது என்று யார் சொல்வது?

வாய்ப்புண் என்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. உள்ளே எலும்பு மஜ்ஜை சோர்ந்து, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிந்துகொண்டிருக்கும். மாற்றுமருந்தாக லூகோவோரின் உண்டு, எவ்வளவு விரைவில் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. ஆறாம் நாளிலேயே ஏற்காட்டு மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவரைக் கீழே கொண்டுவந்தீர்களே, அதுதான் அவரைக் காத்தது.

இனிமேல் அந்த அட்டையை மற்ற மருந்துகளோடு வைக்க விடாதீர்கள். தனி உறையில் போட்டு, உறையின் மேல் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். பதிவேட்டில் மற்ற ஆறு நாள்களின் கட்டங்களையும் கோடிட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் நான்கு வாரத்துக்கு மேல் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் வாரமருந்துதான். அதை வெறும்வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் கொடுத்து, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழலைப் புண்ணாக்கிவிடும்.

மருத்துவமனையிலிருந்து வரும் நாள்தான் எல்லா நாள்களிலும் ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய டப்பாவில் ஒரு நிறுவனத்தின் டெல்மிசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரை இருக்கும், புதிய சீட்டில் வேறு நிறுவனத்தின் பெயரில் அதே டெல்மிசார்டன் இருக்கும். இரண்டையும் கொடுத்து இரத்த அழுத்தம் தாழ்ந்து கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டு மாறும் நாளில் பழைய டப்பாவைக் காலிசெய்து, அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரை வைத்தே ஒப்பிட வேண்டும்.

கேள்வி: இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு வருகிறதே, எதையும் பயன்படுத்தலாமா? — வாசகி, அம்மாப்பேட்டை.

பதில்: கூடாது. சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும், அதாவது 50 யூனிட் உள்ளே போய்விடும். மாறாக 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். இன்சுலின் பேனாவின் குப்பியிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே கூடாது. ஊசி போட்டபின் அவர் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு மறதி நோய். மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்று எல்லாவற்றையும் இடித்து ரசம் சாதத்தில் கலந்து ஊட்டுகிறார்களாம். சரிதானா? — வாசகி, செவ்வாய்ப்பேட்டை.

பதில்: இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, இடிக்கக் கூடாத மாத்திரைகள் பல உண்டு. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று ஏதாவது இருந்தால், அது நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கரைய வேண்டிய மாத்திரை. இடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து முழுவதும் ஒரே சமயத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். நிஃபெடிபின் ரிடார்ட் மாத்திரையை இடித்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரியும். பேண்டப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரைகளின் மேற்பூச்சு, இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்காகப் பூசப்பட்டது. இடித்தால் மருந்து பயனற்றுப் போகும்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் உணவில் மருந்து கலப்பது, மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்து பேசி, வேறு வழியே இல்லை என்று எழுதிவைத்த பிறகு மட்டுமே செய்யத்தக்கது. உங்கள் மாமியார் துப்புவதற்கு விழுங்கச் சிரமமும் காரணமாக இருக்கலாம், கசப்பும் காரணமாக இருக்கலாம். எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் சென்று, எவை இன்றும் தேவை, எவற்றை நிறுத்தலாம், எவை திரவமாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதினொரு மாத்திரை நான்காகக் குறைந்து, துப்புவதே நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன். ரசம் சாதத்தில் கலந்தால் பாதித் தட்டோடு அவர் எழுந்துவிடும் நாளில் எவ்வளவு மருந்து போயிற்று என்றும் தெரியாது. அதைவிட, உண்ணும் சோறே கசக்கிறது என்று ஒருவர் சோற்றை வெறுக்கத் தொடங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: தவறு நடந்தால் எங்கே புகார் செய்வது? — வாசகர், கொண்டலாம்பட்டி.

பதில்: முதலில் இல்லத்தின் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மருந்துப் பதிவேட்டின் படியையும் கேளுங்கள். முதியோர் இல்லமாயின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்டச் சமூகநல அலுவலரிடமும், மருத்துவமனையாயின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடமும் மனுக் கொடுக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. கட்டணம் செலுத்திய சேவையில் குறை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருந்தால் நேர்ந்த பக்கவிளைவுகளைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. மாத்திரை போட்டுக் கொடுத்த கிண்ணம், வெற்று அட்டை எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: நான் செவிலியர். சென்ற மாதம் ஒரு தாத்தாவுக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும். தூக்கம் வரவில்லை. — பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்: மகளே, எனக்கும் இது நடந்திருக்கிறது. பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு, ஆண்கள் வார்டில் இரவு டியூட்டி. ஏழாம் கட்டிலில் இருந்தவருக்கு இரத்த அழுத்தத்துக்காக ப்ரோப்ரனலால் 40 மில்லிகிராம். மின்விசிறி ஓடவில்லை என்று மாலையில் அவரும் பதினொன்றாம் கட்டில்காரரும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியாது. மாத்திரைகளைக் கிண்ணங்களில் போட்டு, கட்டில் எண்ணைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே போனேன். இடம் மாறி வந்தவர் ஆஸ்துமா நோயாளி. ப்ரோப்ரனலால் மூச்சுக்குழல்களை இறுக்கும் மருந்து. ஒரு மணி நேரத்தில் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அந்த இழுப்பின் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் ஓடிப்போய் மருத்துவரிடம் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொன்னேன். காரணம் தெரிந்ததால் அவர் தயங்காமல் சிகிச்சையைத் தொடங்கினார். விடியும்போது இழுப்பு அடங்கியிருந்தது. நான் மறைத்திருந்தால் அது வழக்கமான இழுப்பு என்றே எண்ணப்பட்டிருக்கும். இரவு பத்து மணிக்குக் கொடுத்த அதே மாத்திரையை ஏழாம் கட்டில் என்று காலையிலும் கொடுத்திருப்பார்கள்.

காலையில் மூத்த சிஸ்டர் என்னை அழைத்து, "எதைப் பார்த்துக் கொடுத்தாய்?" என்று மட்டும் கேட்டார். "கட்டில் எண்ணை" என்றேன். அன்று மாலையே அந்த வார்டில் பெயர் கேட்காமல் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. என்னைத் தண்டித்து அனுப்பியிருந்தால் அந்தப் பழக்கம் அப்படியே இருந்திருக்கும், அடுத்த பெண் அதே குழியில் விழுந்திருப்பாள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தீங்கைக் குறைக்கும் தன் முயற்சியைத் தொடங்கியபோது வலியுறுத்தியதும், ஆளைத் தேடுவதை விட முறையைத் திருத்த வேண்டும் என்பதையே.

உங்களுக்குச் சொல்கிறேன். இன்றே உங்கள் பொறுப்புச் செவிலியரிடம் தனியாகச் சென்று, என்ன மருந்து, யாருக்குப் பதில் யாருக்கு, எந்தச் சூழலில் என்பதை எழுதிக் கொடுங்கள். தாத்தாவின் மருத்துவருக்கும் தெரிய வேண்டும், அவர் குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். சொன்னதற்காக உங்களை வெளியேற்றும் இடமாக இருந்தால் அங்கே இன்னும் எத்தனை தவறுகள் பதிவேட்டில் ஏறாமல் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆஸ்துமா நோயாளியிடம் மறுநாள் மாலை நானே சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. அன்றிரவு நான் மருந்துத் தட்டோடு அருகே போனபோது, நான் கேட்பதற்கு முன்பே அவர் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினார்.